சம்பந்தி வைத்த செட்டிங்

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஊனம். நீலத்தில் உட்காருங்க. மிஷின் எங்கேயும் ஓடிவிடாது. வாங்கின நாளிலிருந்து இந்த மாடிப்படிக்கு அடியில்தான் நிற்கிறது. ஸ்பேனரைப் பைக்குள் வையுங்க. மோர் வரும். வரும் என்றால் நான்தான் போய் எடுத்து வரணும். மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போய்விட்டார்கள். சம்பந்தி முடி வெட்டப் போயிருக்கிறார். அவர் தலையில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீங்க. மாசம் ஒரு தரம் போவார். கடைக்காரர் ஒரு மரியாதைக்குக் கத்தரிக்கோலைக் காற்றில் கொஞ்ச நேரம் ஆட்டிக் காட்டி அனுப்பிவிடுவார்.

உங்களை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை போன் பண்ணியிருப்பார். "இந்த வாட்டர் சாஃப்ட்னர் இனிமே தேவையா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க, தேவையில்லைன்னா கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க" என்று. சரிதானே? என் மாப்பிள்ளை தினகர் தங்கமானவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். எதைப் பார்த்தாலும் தேவையா, தேவையில்லையா என்று இரண்டு கேள்விதான் கேட்பார். இந்த இடத்தில் செருப்பு அலமாரி வைக்கணுமாம். நாலு பேர் இருக்கிற வீடு. அலமாரியின் படத்தைப் போனில் காட்டினார். மரவட்டை ஒன்று குடும்பத்தோடு வந்து தங்கினாலும் செருப்புக்கு இடம் இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், அவசரப்படாதீங்க. இந்த மிஷின் போனால் இந்த வீட்டில் ஆள் குறையும். அது எப்படி என்று கேட்டுவிட்டு, அப்புறம் ஸ்பேனரை எடுங்க.

என் பெயர் காளியண்ணன். ஊர் திருச்செங்கோடு. ஊர்ப் பெயரைச் சொன்னதும் உங்களுக்குத் தொழில் தெரிந்திருக்கும். போர் வண்டி. இந்தியாவில் எந்த மூலையில் பூமியை ஓட்டை போட்டாலும் ஓட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பான். அப்படி நின்றவன் நான். தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ராஜஸ்தான் பக்கம் ஒரு ஊரில் போர் போட்டோம். தண்ணீர் வந்தது. வந்தது என்றால், எழுந்து நின்றது. அவ்வளவு கடினத் தண்ணீர். ஒரு அம்மா குடத்தில் பிடித்துத் தலையில் வைத்துக்கொண்டு போனார். வழியில் கல் தடுக்கிக் குடம் உடைந்துவிட்டது. குடம்தான் உடைந்தது சார். தண்ணீர் குடம் மாதிரியே தலையில் இருந்தது. அப்படியே வீட்டுக்குக் கொண்டு போய் இறக்கி வைத்தார். சிரிக்காதீங்க. சந்தேகம் என்றால் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். ஊர்ப் பெயர்தான் சட்டென்று வாயில் வரமாட்டேன் என்கிறது.

இந்த லேஅவுட்டின் சப்பைத் தண்ணீர் அவ்வளவு மோசமில்லை. சப்பைத் தண்ணீர் என்றால் போரில் வருகிற உப்புத் தண்ணீர், எங்கள் பக்கத்துப் பேச்சு. குழாய் வாயெல்லாம் வெள்ளைத் தாடி முளைத்தது, அவ்வளவுதான். ஷவரைத் திறந்தால் தண்ணீர் நமக்கு விழாமல் எதிர்ச் சுவருக்கு விழும். என் மகள் சுகந்தி தலை வாரினால் முடி கையோடு வந்தது. அதனால் இந்த மிஷினை வாங்கினார்கள்.

பொருத்த வந்தவர் உங்களைப் போல உட்காரவில்லை. பொத்தான்களை நாலு அமுக்கு அமுக்கி, "செட் பண்ணியாச்சுங்" என்று சொல்லி, ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருந்த எழுத்து எறும்பு படிப்பதற்காக அச்சடித்தது. அவர் என்ன செட் பண்ணியிருந்தார் தெரியுங்களா? ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவல். நீங்க ரீஜெனரேஷன் என்பீங்க, எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கழுவல். உள்ளே இருக்கிற மணிகள் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, நிறைந்ததும் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவணும். சரி. ஆனால் நாங்கள் குடும்பத்தோடு பழனிக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தோம், அப்போதும் அது பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருந்தது. குளிக்காத பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. திரும்பி வந்து மூடியைத் திறந்தால் உப்புத் தொட்டி காலி.

அப்போதுதான் என் சம்பந்தி உள்ளே நுழைந்தார். வீட்டுக்குள்ளே முன்பே இருந்தார், மிஷினுக்குள்ளே நுழைந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லணும். அவிநாசியப்பன். மாப்பிள்ளையின் அப்பா. ரேஷன் கடைகளைச் சோதனை போடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நமக்கு ஒரு மூட்டையைப் பார்த்தால் மூட்டை தெரியும். அவருக்கு அதில் எவ்வளவு குறைக்கலாம் என்பது தெரியும். அவருக்கும் மனைவி இல்லை, எனக்கும் இல்லை. கீழே ஒரே ரூம், இரண்டு கட்டில். சம்பந்திகள் இரண்டு பேர் ஒரே ரூமில் படுத்துக்கொள்வதை நீங்க எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? சம்பந்தி என்றால் விசேஷத்துக்கு வருவார், சந்தனம் பூசிக்கொள்வார், தாம்பூலம் வாங்கிக்கொண்டு போவார். பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுகிற சம்பந்திக்கு என்ன மரியாதை செய்வது என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. நாங்களாகச் செய்துகொண்டோம்.

"ஃபேனைக் குறைச்சுக்கலாங்களா சம்பந்தி?"

"தாராளமாக் குறைங்க சம்பந்தி."

குறைத்தால் எனக்கு வேர்த்துக் கொட்டும். ஆனாலும் தாராளமாக.

இதில் இன்னொரு விசயம். அவர் இருப்பது மகன் வீட்டில். நான் இருப்பது மகள் வீட்டில். அவர் இருப்பதற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் ஒருத்தன் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், ரோட்டில் போகிறவன் கூட நின்று, "எப்ப வந்தீங்க, எப்பப் பொறப்படறீங்க" என்று கேட்பான். எனக்குக் காரணம் இந்த மிஷின். "தண்ணி விசயம், மாப்பிள்ளைக்குப் பழக்கமில்லீங்க, நாந்தான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவேன். இது மட்டும் இல்லாவிட்டால் என்றைக்கோ திருச்செங்கோடு போயிருப்பேன். அங்கே என் வீடு ராஜபோகமாக இருக்கிறது. எலிகள் நன்றாகப் பார்த்துக்கொள்கின்றன.

சம்பந்தி அந்த எறும்புப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். கம்பராமாயணம் படிக்கிற மாதிரி வரிக்கு வரி நிறுத்தி. படித்துவிட்டு, நாள் கணக்கை எடுத்துவிட்டு லிட்டர் கணக்கு வைத்தார். இவ்வளவு தண்ணீர் ஓடினால்தான் கழுவல். நல்ல வேலைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு கையை எடுத்தாரா? போரில் வருகிற தண்ணீர் எவ்வளவு கடினம் என்று மிஷினுக்குச் சொல்லணும் இல்லையா, அதைக் குறைத்துச் சொன்னார். மிஷின் அப்பாவி, நம்பிவிட்டது. நிறைய ஓடவிட்டுக் கொஞ்சமாகக் கழுவியது. குழாய்க்கு மறுபடி தாடி.

நான் என்ன செய்ய? சம்பந்தியிடம் போய் நேருக்கு நேர் தப்பு என்று சொல்ல முடியுமா? அவர் மத்தியானம் கண்ணயர்ந்த பிறகு வந்து, கடினத்தை இரண்டு மடங்காகச் சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் மிஷின் முன்னால் நின்று தாடையைத் தடவினார்.

"ஏனுங் சம்பந்தி, மிஷினை யாரோ தொட்ட மாதிரி இருக்குதுங்க."

"பல்லி ஓடியிருக்குங்க சம்பந்தி."

"பல்லிக்கு இங்கிலீஷ் எழுத்தெல்லாம் படிக்கத் தெரியுங்களா?"

"இந்தக் காலத்துப் பல்லிங்க. நம்ம காலம் மாதிரியா?"

"அதுஞ் சரிதானுங்க" என்றார். அன்றைக்கு மத்தியானம் நான் கண்ணயர்ந்தபோது பல்லி வந்து திரும்பக் குறைத்துவிட்டுப் போயிருந்தது.

இப்படியே போனது. நான் ஏற்ற, அவர் இறக்க. பேச்சில் மட்டும் இரண்டு பேரும் சர்க்கரைப் பாகு. கழுவல் நடக்கிறபோது குழாயில் சப்பைத் தண்ணீர்தான் வரும், அதனால் எல்லாரும் தூங்குகிற நேரத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறது. நான் அதைப் பகல் பதினோரு மணிக்கு மாற்றினேன். தனியாக ஒரு காரணமும் இல்லை. சம்பந்தி குளிக்கிற நேரம் பதினோரு மணி என்பது எனக்கு எப்படித் தெரியும், ஒரே ரூமில் இருக்கிறோம் என்பதைத் தவிர? உடம்பெல்லாம் சோப்புத் தயிராகத் திரிந்து, விபூதிச் சாமியார் மாதிரி வெளியே வந்தார்.

"சோப்புக்காரன் நல்லா ஏமாத்தறானுங்க சம்பந்தி."

"காலம் கெட்டுப்போச்சுங்க சம்பந்தி."

அவர் சும்மா இருப்பாரா? கழுவி முடிந்த பிறகு உப்பு போவதற்காகக் கடைசியில் நல்ல தண்ணீர் விட்டு அலசுமே, அந்த நேரத்தைக் கத்தரித்துவிட்டார். தண்ணீர் மிச்சம் பிடிக்கிறாராம். காலையில் பல் விளக்கக் குழாயைத் திறந்தேன், கன்னியாகுமரி வாய்க்குள் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை திறந்துவிட்டார். அன்றைக்குக் கேன் தண்ணீர் தீர்ந்து போய்க் காபிக்கும் குழாய்த் தண்ணீர்தான்.

என் மகள் வெளியே வந்தாள். மாமனாரை வைய முடியுமா? அப்பனை வைதாலும் அது மாமனாரையும் வைத மாதிரிதான் ஆகும். அதனால் நேரே மிஷினிடம் போனாள்.

"ஏ மிஷினு, உனக்கு வயசுக்குத் தக்க புத்தி வேண்டாமா? வீட்ல ஒருத்தர் நிம்மதியா ஒரு வாய் காபி குடிக்க முடியல. இன்னொருக்கா தண்ணி கரிச்சுதோ, உன்னையத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன், பாத்துக்க."

மிஷினுக்குக் காது கிடையாது. காது இருந்த நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றோம், யாரையோ வைகிறாள் என்கிற மாதிரி.

அதற்குப் பிறகுதான் சேர்ந்து உட்கார்ந்தோம். நட்பு என்று நினைத்துவிடாதீங்க. கண்காணிப்பு. அவரைத் தனியாக விட்டால் குறைப்பார், என்னைத் தனியாக விட்டால் கூட்டுவேன் என்று அவருடைய தப்பான எண்ணம். கடைக்குப் போய்த் தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்து வாங்கி வந்து, தண்ணீரின் உண்மையான கடினத்தைப் பார்த்தோம். அவர் சொன்னதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. நடுவில் இருந்தது. என் பக்கம் கொஞ்சம் சாய்ந்த நடு. அதை உள்ளபடி மிஷினுக்குச் சொன்னோம். அப்புறம் சம்பந்தி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு ஒரு விளக்கம் கொடுத்தார்.

"இதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க சம்பந்தி. ஒரே தடவைக்கு உப்பை அள்ளிக் கொட்டுனா, அதுல பாதி சும்மா சாக்கடைக்குத்தான் போகுது. கொஞ்சமா விட்டு, அடிக்கடி கழுவுனா போட்ட உப்பு பூரா வேலை செய்யுதுங்க. கல்யாணத்துல நாலு பந்தி இருக்கையில முதல் பந்தி எலைக்கே அண்டாவைக் கவுத்த முடியுங்களா?"

அதே விசயத்தை நான் பீகாரில் ஒரு மந்திரி வீட்டில் அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறேன். இந்தியில் சொன்னதால் சம்பந்திக்குத் தெரிய நியாயமில்லை. சரி, அவர் கண்டுபிடித்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உப்பைப் பாதியாகக் குறைத்து, கழுவலை அடிக்கடி வைத்தோம். நான் ஒரு பொத்தானை அமுக்கிப் பிடிக்க, அவர் இன்னொன்றை அமுக்கி எண்ணைக் குறைக்க. ஒரு மூட்டை உப்பு எங்களோடு பொங்கலும் கொண்டாடியது, சித்திரைக் கனியும் பார்த்தது. அவ்வளவு நாள் வந்தது.

அப்புறம் தினமும் காலையில் பரீட்சை. பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, குலுக்கணும். நுரை நின்றால் செட்டிங் சரி. இதோ இந்த இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டிலைக் குலுக்குவோம். எதிர் வீட்டம்மா பார்த்துவிட்டு, இரண்டு பெரியவர்களுக்கும் ஏதோ கை நடுக்கம் என்று சுகந்தியிடம் விசாரித்தாராம். குலுக்கும்போது நான் ஒரு கதை சொல்வேன். ஒரிசாவில் நாங்கள் போட்ட போரில் தண்ணீரோடு ஒரு கல்யாண ஊர்வலத்துச் சத்தமும் வந்த கதை. அவர் கேட்டுவிட்டு, "மேளம் கேட்டுதுங்களா, நாதஸ்வரமுங் கேட்டுதுங்களா" என்பார். நாதஸ்வரம் அடுத்த நாளுக்கு என்பேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் சனியன் வந்தது.

சனியன் என்றால் ஆற்றுத் தண்ணீர். லேஅவுட் முழுக்க ரோட்டைத் தோண்டி, புதுக் குழாய் பதித்து, வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுத்தார்கள். மேல் தொட்டியிலேயே விழுகிறது. இளநீர் மாதிரி தண்ணீர். தெருவே ஒருவருக்கொருவர் லட்டு கொடுத்துக்கொண்டது. எனக்கும் கொடுத்தார்கள். தின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கசந்த லட்டு தின்றதில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது மாப்பிள்ளை, "இனிமே அந்த சாஃப்ட்னர் எதுக்கு? எடுத்துட்டா அந்த இடத்துல ஷூ ரேக் வெக்கலாம்" என்றார். தேவையா, தேவையில்லையா. அதே நேரத்தில், சொல்லி வைத்த மாதிரி, ஓசூரிலிருந்து போன். சம்பந்தியின் மகள் மைதிலி. அந்தப் பெண் போனில் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

"அப்பா, அங்க உங்களுக்கு என்ன வேலை? இங்க வந்துருங்க. பசங்க ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல ஆள் இல்ல."

சம்பந்தி இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். சட்னி முழங்கைக்கு வழிந்தது.

"இல்லம்மா, இங்க மிஷின் இருக்குது. சம்பந்தி கையில குடுத்துட்டு வந்தா மூட்டையோட கவுத்திருவாரு."

அவதூறு. ஆனால் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்ததால் விட்டுவிட்டேன். "அந்த மிஷினைத்தான் எடுக்கப் போறோம்ப்பா" என்று சொல்ல மாப்பிள்ளை வாயைத் திறந்தார். சுகந்தி இன்னொரு இட்லியை அவர் தட்டில் வைத்தாள், கொஞ்சம் சத்தமாக. வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில், "போர்த் தண்ணியுங் கலந்துதான் விடறாங்க மாமா, மிஷின் இல்லாம முடியாது" என்று மாமனார் காதில் விழுகிற மாதிரி பொதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு இங்கே கூட்டுகிற மாதிரி வந்து, அந்தச் சிவப்புக் கைப்பிடியைத் திருப்பிவிட்டுப் போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம் சார், நீங்க வந்ததிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறீங்களே, அதே கைப்பிடிதான். பைபாஸ். தண்ணீர் மிஷினுக்குள் போகாமல் வெளியே சுற்றிப் போய்விடுகிறது. தெரியும். ஊர் ஊராகப் பூமிக்குள் பைப் இறக்கினவனுக்கு வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாதா? உள்ளே சொட்டுத் தண்ணீர் போகவில்லை, கழுவல் கிடையாது, விளக்கு மட்டும் எரிகிறது. நான் பார்த்தது மகளுக்குத் தெரியாது. சம்பந்திக்கோ, மிஷின் ஓடவில்லை என்பதே தெரியாது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைத்தான் பார்ப்பார். பின்னால் இருக்கிற கைப்பிடி அவர் கண்ணில் படாது. ரேஷன் ஆபீசர் இல்லையா.

அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது இருக்கிறதே, அது போர் போடுவதைவிடக் கஷ்டம். மிஷின் ஓடவில்லை என்றால் உப்பு குறையாது. உப்பு குறையாவிட்டால் அவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் அவர் இல்லாத நேரத்தில் நான் ஒரு மக்கு உப்பை எடுத்து முன்பக்கத்துத் தென்னைக்குப் போடுகிறேன். தென்னைக்கு உப்பு நல்லதுதானே. சத்தமும் வேண்டுமே, அதற்காக எப்போதாவது கழுவல் பொத்தானை அமுக்கிவிடுவேன். உள்ளே மோட்டார் மட்டும் கிர்ரென்று சுற்றும். ரூமுக்குள் போய், "கழுவுது போலிருக்குதுங்க சம்பந்தி" என்பேன். அவர் படுத்தபடி, "ஆமாங்க, நேரத்துக்குச் சரியாக் கழுவுது" என்பார். பாவமாக இருக்கும்.

ஆனால் சில விசயம் எனக்கே பிடிபடவில்லை. நீங்க இன்ஜினியர், கேட்டுக்கொள்ளுங்க. சில நாள் நான் பொத்தானை அமுக்காதபோதும் மோட்டார் சுற்றுகிறது. கட்டிலில் படுத்திருக்கும்போது கிர்ரென்று கேட்கும். சம்பந்தி வெளியிலிருந்து உள்ளே வந்து, "கழுவுது போலிருக்குதுங்க" என்பார். நானும் ஆமாம் என்பேன். வேறென்ன சொல்ல? பழக்க தோஷம். ஓடி ஓடிப் பழகின மிஷின் தானாகச் சுற்றிப் பார்த்துக்கொள்கிறது. எங்கள் போர் வண்டி ஒன்று டீசல் இல்லாமல் ஒரு மாமாங்கம் ஓடியிருக்கிறது.

இரண்டாவது, உப்பு. நான் ஒரு மக்கு எடுத்தால் தொட்டியில் இரண்டு மக்கு குறைகிறது. அப்படியானால் யாரோ திருடுகிறார்கள். மகள் திருடுவாளா? மாப்பிள்ளைக்கு மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியாது. மிச்சம் யார், நீங்களே சொல்லுங்க. ரேஷன் கை சும்மா இருக்காது. எங்கே கொண்டு போய்க் கொட்டுகிறாரோ, யாருக்குக் கொடுக்கிறாரோ. நான் கேட்கவில்லை, சம்பந்தி மரியாதை.

போன மாசம் அவரே வந்து, "உப்பு ரொம்பப் போகுதுங்க சம்பந்தி, இன்னுங் கொஞ்சங் குறைச்சு வெச்சுப் பாக்கலாங்களா" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் ஒரு பொத்தானைப் பிடிக்க, அவர் இன்னொன்றை அமுக்க, பாதியாகக் குறைத்தோம். ஓடாத மிஷினில் உப்பு சிக்கனம். அன்றிலிருந்து நான் மரத்துக்கு அரை மக்குதான் எடுக்கிறேன், கணக்குச் சரியாக வரணுமே. அதிசயம் என்னவென்றால் திருடனும் பாதியாகக் குறைத்துக்கொண்டான். அளவோடு திருடுகிறவர் சார். அந்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும்.

மூன்றாவது, தென்னை. நான் உப்புப் போடுவது முன்பக்கத்து மரத்துக்கு. பின்பக்கம் ஒரு மரம் இருக்கிறது, அதற்கு யாரும் எதுவும் செய்வதில்லை. இந்த வருசம் அதுதான் தலை கொள்ளாமல் காய்த்துத் தொங்குகிறது. உப்பு பூமிக்கு அடியில் வீட்டைச் சுற்றிக்கொண்டு போயிருக்கணும். வேறு வழியே இல்லை. பூமிக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க? மோரில் உப்பு அதிகமோ?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நீங்க இந்த மிஷினைக் கழற்றினால் சம்பந்தி சாயங்காலமே ஓசூருக்குப் பெட்டி கட்டிவிடுவார். இங்கே இருப்பதற்கு அவர் மகளிடம் சொல்ல வேறு காரணம் கிடையாது. அங்கே மூன்றாவது மாடி. அவர் முழங்கால் இந்த வாசற்படி ஏறுவதற்கே என்னிடம் கை கேட்கும். கேட்காது, நானாகக் கொடுப்பேன், அவர் பார்க்காத மாதிரி பிடித்துக்கொள்வார்.

போனால் எனக்கென்ன? ரூம் முழுக்க எனக்கு. ஃபேன் என் இஷ்டம். போன வருசம் ஒரு கல்யாணத்துக்காக ஒரு வாரம் ஓசூரில் இருந்துவிட்டு வந்தார். ஆஹா, குறட்டை இல்லாமல் தூங்கலாம் என்று படுத்தேன். தூக்கம் வரவில்லை. இது மனசு சம்பந்தப்பட்டது இல்லை சார், தொழில் சம்பந்தப்பட்டது. கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினவன் நான். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வேன், வண்டி நின்றுவிட்டதோ என்று. அவர் குறட்டை அசல் கம்ப்ரசர். அவ்வளவுதான் விசயம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அப்புறம், அவர் போனால் நானும் போகணும். மிஷினும் இல்லை, சம்பந்தியும் இல்லை, பெண் வீட்டில் எதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வேன்? செருப்பு அலமாரியையா?

பொய் சொல்லச் சொல்லவில்லை. மாப்பிள்ளை கேட்டால், இந்த மிஷின் இந்த வீட்டுக்கு அவசியம் வேண்டும் என்று சொல்லுங்க. அது பொய்யா? நீங்களே நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. அந்தக் கைப்பிடியைத் தொடாதீங்க, அது என் மகள் வைத்த செட்டிங். இன்னொன்று. சம்பந்தி வந்ததும், அவர் காதில் விழுகிற மாதிரி, இந்த மாடல் மிஷினுக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும் என்று ஒரு வார்த்தை போடுங்க. ஒருத்தர் ஒரு பொத்தானைப் பிடிக்க, இன்னொருத்தர் இன்னொன்றை அமுக்கணும், தனி ஆளாகச் செட்டிங் வைக்க முடியாது என்று. ஒரு கையாலேயே அமுக்கலாம் என்று எனக்கும் தெரியும். அதை ஏன் வெளியே சொல்லிக்கொண்டு?

கேட் சத்தம். வந்துவிட்டார். தலையைப் பாருங்க, போனது போலவே வந்திருக்கிறது.

வாங்க சம்பந்தி, வாங்க. கம்பெனி இன்ஜினியர் சார் வந்திருக்காருங்க. நம்ம செட்டிங்கைப் பாத்து அசந்து போயிட்டாரு. இந்தப் படியில பாத்துங்க. ஆங், கையைக் குடுங்க.

"வணக்கங்க சார். வந்து ரொம்ப நேரமாச்சுங்களா? சம்பந்தி குடம் உடைஞ்ச கதையெல்லாஞ் சொல்லியிருப்பாரே. சார், பின்னால ஒரு மோட்டார் ஸ்விட்ச் தகராறு பண்ணுதுங்க. ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா? நீங்க உக்காருங்க சம்பந்தி, முழங்கால் வலிக்குதுன்னு காத்தால சொன்னீங்களே. நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்தர்றோம்."

போங்க சார், போயிட்டு வாங்க. எனக்கு முழங்கால் வலியெல்லாம் கிடையாது. பின்பக்கம் ஸ்விட்சும் கிடையாது, தென்னை மரம்தான் நிற்கிறது. என்னமோ தனியாகச் சொல்லணும் போலிருக்கிறது. இன்னும் உப்பைக் குறைக்க வழி கேட்பார். எது கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டு வாங்க. பாவம், மனுசனுக்கு ஒன்றும் தெரியாது.